அம்புக்குறி காட்டிய இடம்

"இது அவ வேலைதான். போகும்போது கெடுத்து வெச்சுட்டுப் போயிருக்கா!"

முதலாளி பத்ரிநாராயணன் போட்ட சத்தத்தில், மேற்குத் தாம்பரத்தில் வீட்டு பிளான் வரையும் அந்த மாடி ஆபீசே அதிர்ந்தது.

மிருதுளாவின் கம்ப்யூட்டரில் மறுபடியும் அதே பெட்டி. உள்ளே ஒரு குட்டி டார்ச் லைட் இப்படியும் அப்படியும் ஆடி எதையோ தேடியது. கடைசியில், 'இந்த ஷார்ட்கட் காட்டும் ஃபைலைக் காணவில்லை' என்றது. அதை மூடினால் இன்னொரு பெட்டி. பிளானை பிரின்ட் எடுக்கப் போனாலே இந்தக் கூத்துதான்.

"யார் சார் கெடுத்தது?"

"புஷ்பலதா. உனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவ. குழந்தை பொறந்ததும் பாதி நாள் லீவு, மீதி நாள் வீட்டுக்கு போன். போதும் தாயேன்னு நிறுத்திட்டேன். அந்த வாரத்துலேர்ந்துதான் இந்தத் தொல்லை. கைக்குழந்தைக்காரங்களை இனிமே எடுக்கறதே இல்லைன்னு வெச்சுட்டேன்."

மிருதுளா தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்டர்வியூவில் "குழந்தை?" என்று அவர் கேட்டபோது, "இன்னும் இல்ல சார்" என்று சொல்லியிருந்தாள். ஊரப்பாக்கத்தில் மாமியாரிடம் எட்டு மாதப் பெண். கணவனுக்கு வேலை போனதிலிருந்து இவள் சம்பளம்தான் சோறு. வேலை நிரந்தரமா இல்லையா என்பதை இன்றைக்குச் சொல்வதாகச் சொல்லியிருந்தார் பத்ரிநாராயணன்.

"இன்னா சார், பிளான் கைக்கு வருமா, வராதா?" முடிச்சூரில் ஃபிளாட் கட்டும் பொன்னுரங்கம் எழுந்தே விட்டார். "பிளானைப் பாஸ் பண்ற ஆபீசரு நாளையிலேர்ந்து லீவு. இன்னிக்கு வுட்டா ஒரு மாசம் பேஜாரு."

"தள்ளுங்கக்கா, நான் பாத்துக்கறேன்." பக்கத்து சீட் ஹேமநாத் குறுக்கே புகுந்தான்.

'அது இல்லை. ஏறக்குறைய அதே மாதிரி ஒரு ஃபைல் இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?' என்று பெட்டி கேட்டது. அவன் யோசிக்காமல் 'எஸ்' தட்டினான்.

பேப்பர் வந்தது. சுவர், ஜன்னல், அளவுக்கோடு எல்லாம் ஒரே தடிமன். கரியை அள்ளிப் பூசினாற்போல.

பொன்னுரங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வூடா, வேலியா சார்?"

பத்ரிநாராயணனின் முகம் சிவந்தது. கோபம் மிருதுளா மேல் திரும்பியது.

"இதோ பாரும்மா. அஞ்சு மணிக்குள்ள அவர் கையில பிளான் இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

மிருதுளா மறுபடி மவுஸைப் பிடித்தாள். தேடுகிறது, தேடுகிறது… எங்கே போய்த் தேடுகிறது?

எந்த நிறக் கோடு எவ்வளவு தடிமனாக விழ வேண்டும் என்று சொல்லும் ஃபைல்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டியாக ஓர் அம்புக்குறி. அப்படியென்றால் இதெல்லாம் ஃபைலே இல்லை. 'ஃபைல் அங்கே இருக்கிறது' என்று கை காட்டுகிறவை.

எங்கே என்று பார்த்தாள். விலாசம் இருந்தது. இன்னொரு தடவை படித்தாள். சட்டென்று அந்தப் பெட்டியை மூடினாள்.

ஹேமநாத்திடம் நம்பர் வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய் போன் போட்டாள்.

"புஷ்பலதாக்காவா? உங்க சீட்ல புதுசா வந்திருக்கேன்…"

"டார்ச் லைட் ஆடுதா?" அந்தப் பக்கம் சிரிப்பும் குழந்தை அழுகையும் சேர்ந்து கேட்டன. "இரு, இவனைத் தோள்ல போட்டுக்கறேன். கடைசி நாள் எனக்கும் ஆடிச்சு; வீட்லேர்ந்து வேலை பாக்கறப்ப எனக்கே அனுப்பிக்கிட்ட ஒரிஜினல் ஃபைலெல்லாம் என் மெயில்ல இருக்கு. தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போய் அனுப்பறேன்."

"கைக்குழந்தையோட எதுக்குக்கா சிரமம்? அதுவும் இவர் உங்களை…"

"அவருக்காக யாரு பண்றா? நீ உட்கார்ந்திருக்கியேம்மா அந்த சீட்ல."

மெயில் வந்தது. மிருதுளா அம்புக்குறிகளை அகற்றினாள். ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். நிஜ ஃபைல்களை அங்கே போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரின்ட் கொடுத்தாள்.

பெட்டி வரவில்லை. டார்ச் லைட் வரவில்லை. பிளான் வந்தது.

சுவர் கனமாக, ஜன்னல் மெல்லிசாக, அளவுக்கோடு முடி மாதிரி.

"ஆங்! இப்பக் கீது பாரு வூடு மாதிரி!" பொன்னுரங்கம் ரசித்துச் சுருட்டினார். "பொண்ணு கில்லாடி சார்!"

பத்ரிநாராயணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னியிலேர்ந்து நீ பெர்மனென்ட்மா. பொன்னுரங்கம் சார், நீங்கதான் சாட்சி. அது சரி, என்னதான் கெடுத்து வெச்சிருந்தா அந்தப் புஷ்பலதா?"

"அவங்க ஒண்ணும் கெடுக்கல சார். இப்ப ஃபைல் அனுப்பிக் காப்பாத்தினதே அவங்கதான். ஒரிஜினல் எல்லாம் வேற ஒரு மெஷின்ல இருந்திருக்கு. அந்த மெஷினை இங்கேர்ந்து யாரோ தூக்கிட்டாங்க."

"எவன் அவன்? எந்த மெஷின்?"

எடுத்து வைத்திருந்த அம்புக்குறியைத் திறந்து காட்டினாள். விலாசத்தில் மெஷினின் பெயர் 'பத்ரி' என்று இருந்தது.

"சார்…" ஹேமநாத் இழுத்தான். "புஷ்பலதாக்கா நின்ன அதே வாரம், புது கம்ப்யூட்டர் வந்ததும், உங்க பழசை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களே…"

"அது… லீவுல கேம் ஆடணும்னு பையன் ஒரே அழுகை. குழந்தைதானே, மனசு கேக்கல…"

பொன்னுரங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

மிருதுளா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எனக்கும் வீட்ல எட்டு மாசக் குழந்தை இருக்கு சார். ஆனா அவளுக்காக ஆபீஸ்லேர்ந்து நான் ஒரு பென்சில்கூட எடுத்துட்டுப் போனதில்ல."