மாதிரித் தட்டு

விடுதி முற்றத்தில் சுகர்த்தி இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, வாயாலேயே பாடம் நடத்தினாள்.

"வெள்ளைப் பூ கிழக்கே. சிவப்பு தெற்கே. மஞ்சள் மேற்கே."

ஜாவாவிலிருந்து விடுமுறைக்குப் பாலிக்கு வந்திருந்த ரெத்னோவின் பூசை ஓலைத்தட்டு நான்காவது முறையாகப் பிரிந்துபோனது.

"என்னக்கா, உக்காந்த இடத்துல உத்தரவு மட்டும் போடுறீங்க? ஒரு தடவை செஞ்சு காட்டினா கை தேஞ்சா போயிடும்?"

"அதோ, மாதிரிக்கு ஒண்ணு இருக்கே. அதைப் பார்த்துச் செய்ம்மா."

"அதுவா? பூவெல்லாம் கருகி, ஓலை சுருண்டு கிடக்கு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு செய்ங்க."

ரெத்னோ அதை எடுக்கப் போனாள். தடுக்க நீண்ட சுகர்த்தியின் கை, பாதியிலேயே நின்று மடிக்குத் திரும்பியது.

"போட்டுடாதே. நாலு நாளைக்கு முன்னாடி என் மக செஞ்சது."

"அட, அப்ப அவளையே கூப்பிடுங்க. அவளாவது கையைக் காலை அசைக்கிறாளா பார்ப்போம்!"

சுகர்த்திக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"நாளைக்கு அவளை எரிச்சு முடிக்கிற வரைக்கும் எங்க வீட்டுல யாரும் சாமிப் பூவைத் தொடக்கூடாதும்மா, தீட்டு" என்றாள். "சிவப்பைத் தெற்கே மாத்தி வை."