நாலு கிலோ மணல்

தினமும் ஓடுகிறவனை நிறுத்தக்கூடிய குழந்தை இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை என்று குழந்தை வண்டிக் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கிறான் கணவன். அவனுடையது அடுத்த மாதம்தான் பிறக்க இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மனைவியின் வயிற்றில் இருந்தபடி அதுவும் கேட்டுக்கொண்டிருக்கிறது. "பிள்ளை வந்தப்புறம் உங்க வேகம் குறையுமா, குறையாதா? அதைச் சொல்லுங்க, அதுக்கு ஏத்த வண்டியை எடுப்போம்" என்கிறாள் மனைவி. "துளிகூட குறையாது." ஓடிக்கொண்டே தள்ளக்கூடிய மூன்று சக்கரக் குழந்தை வண்டி ஒன்றை விற்பனைப் பெண் உருட்டி வருகிறாள். ஓட்டிப் பார்ப்பதற்காக நாலு கிலோ மணல் மூட்டையை அதில் கிடத்தும்போது, ஒரு முனைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கி, வாரைப் பூட்டுகிறாள். "கழுத்து பத்திரம், கண்ணு." அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "மூட்டைக்கு ஏதும்மா கழுத்து? அப்படியே பாலையும் குடுத்துடுங்க!" விற்பனைப் பெண் சிரிக்கவில்லை.

இருபுறமும் வரிசையாக நிற்கும் காலி வண்டிகள் திறந்த கூரைகளோடு அவனையே பார்க்கின்றன. காற்றே இல்லாத மூலையில் ஒன்று மட்டும் லேசாக ஆடுகிறது. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறான், சக்கரங்களில் சத்தமே இல்லை. திருப்பத்தில் மூட்டை, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் அசைகிறது. ஓட்டம் நடையாகிறது, நடை நின்றுவிடுகிறது. தொட்டுப் பார்க்கிறான். துணி வெதுவெதுப்பாக இருக்கிறது. "என்னங்க, பேச்சு மூச்சையே காணோம்? வண்டி எப்படி?" என்று தூரத்திலிருந்து கேட்கிறாள் மனைவி. அவன் மூட்டையின் முனைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மெல்ல நேராக்குகிறான். "கத்தாதே" என்கிறான், உதடு மட்டும் அசைய.