கையெழுத்தில்லாத பக்கம்

இருபத்து மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை.

அவள் விரல் அங்கேயே நின்றது.

நகராட்சிக் கூட்ட அறை. ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு டெண்டர் திறக்கிற நாள். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு கம்பெனிக்காரர்கள். இந்தப் பக்கம் ஆணையர். அவருக்கு அருகில், பக்கங்களைச் சரிபார்க்கிற கிளார்க்காக அவள்.

ஒவ்வொரு பக்கத்திலும் கம்பெனியின் கையெழுத்து வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் தள்ளுபடி. விலை எவ்வளவு குறைவாக இருந்தால் என்ன, நம் ஆபீஸ்களில் கையெழுத்துதான் சாமி.

விலைகளை வாசித்தாயிற்று. அவள் கையிலிருக்கிற இந்த டெண்டர்தான் குறைவு. இதில்தான் பழைய நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு. இது போனால் அடுத்தது, எதிரில் இருக்கும் இன்னொருவரான சந்தனகுமாரின் கம்பெனி. அதில் இரண்டு வருடம் பொறுக்க வேண்டும்.

அவள் மகளுக்குப் பதினோரு வயது. முதுகெலும்பு வளைந்துகொண்டே போகிறது. ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கையெழுத்துப் போட மறந்தவன் எதிரில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பாவி. முப்பத்தொன்பது பக்கம் போட்ட கைக்கு இந்த ஒன்றுதான் வலித்துவிட்டதா? எழுந்து போய் ஓர் அறை விடலாம் போலிருந்தது.

"எல்லாப் பக்கத்துலயும் ஸைன் இருக்காம்மா?" என்றார் ஆணையர்.

பத்தொன்பது வருட சர்வீஸில் அவள் ஒரு மெமோ கூட வாங்கியதில்லை.

"இருக்கு சார்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

போட்டிக் கம்பெனிக்காரரும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவும் விதிதான். சந்தனகுமார் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இந்த ஆர்டருக்காக மூன்று வருடமாக நடையாய் நடந்தவர். சும்மா விடுகிற ஆளா?

கட்டைவிரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார். இருபத்தொன்று. இருபத்திரண்டு.

இருபத்து மூன்றில் விரல் நின்றது.

வேலை போகும். ஆபரேஷனும் போகும்.

அவர் பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வீடுகளில் ஏறி இறங்கிப் பாலிசி பேசியவர்.

"வீட்ல யாருக்கு மேடம்?"

குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

"மகளுக்கு."

ஆணையர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன சந்தனகுமார், ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

சந்தனகுமார் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.