வேகமான கை

"ஆமை எங்கய்யா?"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில், டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்றைக்கு யாருக்குப் பூஜை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தக் குடோன் முளைத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் ஊரில் பாதிப் பேருக்குச் சீப்பிலிருந்து செருப்பு வரை அங்கிருந்துதான் போகிறது. தகரக் கூரை. உள்ளே அடுப்புக்குள் நிற்கிற மாதிரி வெக்கை. வாசலில் லாரிச் சக்கரம் புதையும் சேறு. தலைமை அலுவலகத்துக்கு அதைப் பற்றியெல்லாம் கவலையில்லை. இன்றைக்குக் கேட்ட பொருள் நாளைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆளுக்கு ஒரு ஸ்கேனர், ஒரு தள்ளுவண்டி. ஸ்கேனர் சொல்லும் பொருளைத் தேடி எடுத்து, 'பீப்' அடித்து, வண்டியில் போட வேண்டும். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று மேலே தொங்கும் டிவியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதில் முதல் பெயர் சூப்பர்வைசரின் தங்கச்சி. புருஷனுக்கு நிலையான வேலை இல்லை என்று அவர்தான் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். கடைசிப் பெயர், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். அவளுக்கு ஆமை என்று பட்டம் சூட்டியதும் சூப்பர்வைசர்தான்.

அலமாரிகளுக்கு நடுவிலிருந்து ஆமை ஆடி அசைந்து வந்தாள்.

"வாங்க மகாராணி! பல்லக்கு அனுப்பட்டுமா?"

"இல்ல சார், கடைசி வரிசையில கொஞ்சம்..."

"உன் வரிசை இது. அங்க உனக்கென்ன வேலை?"

ஆமை புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

என்ன வேலை என்று அவருக்கா தெரியாது? கடைசி வரிசை தங்கச்சியுடையது. அவரே பலமுறை பார்த்திருக்கிறார். அலமாரி இடுக்கில் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துக் கிசுகிசுப்பார்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும்.

"நீ செய்யாதது போதாதுன்னு அவ வேலையையும் கெடுக்கிறியா? அவளை மாதிரி நாலு பேர் கிடைச்சா, உன்னை மாதிரி நாப்பது பேரை நான் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

தூரத்தில் நின்றிருந்த தங்கச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆமை அவளைப் பார்த்து, வேண்டாம் என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினாள்.

அது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"என் எதிர்லயே சைகை காட்டுறியா? உன் உடம்புல எங்க பார்த்தாலும் சோம்பல், கொழுப்புக்கு மட்டும் குறைச்சலே இல்ல. நாளைக்குத் தள்ளுபடி விற்பனை, சரக்கு மலை மாதிரி வந்து இறங்கப்போகுது. உன்னை வெச்சுக்கிட்டு நான் மாரடிக்க முடியாது. கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா? ஸ்கேனரை வெச்சுட்டுக் கிளம்பு."

ஆமை கெஞ்சவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஸ்கேனரை மேஜையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"உங்க தங்கச்சியை மேல் தட்டுல கைவைக்க விடாதீங்க சார்."

"அவளைப் பார்த்துக்க நான் இருக்கேன். உன் அக்கறையை மூட்டை கட்டிக்கிட்டுப் போ!"

போய்விட்டாள். பீடை தொலைந்தது என்று சூப்பர்வைசர் கையைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அவர் டிவியை அண்ணாந்து பார்த்தார். முதல் இடத்தில் யாரோ ஒருத்தர். இரண்டாவது, மூன்றாவது... பார்வை கீழே கீழே இறங்கியது.

தங்கச்சி பெயர் கடைசியில் கிடந்தது.

டிவியில்தான் கோளாறு என்று கம்ப்யூட்டர்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினார். தங்கச்சிக்குப் புது ஸ்கேனரைக் கொடுத்தனுப்பினார். பெயர் அசையவே இல்லை. மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து போன்.

"என்னய்யா, உன் குதிரை படுத்துடுச்சா?"

மானம் போனது. கடைசி வரிசைக்கு ஓடினார்.

தங்கச்சி ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். தள்ளுவண்டி காலி. மேல் தட்டில் ஒரு மின்விசிறிப் பெட்டி பாதி இழுத்த நிலையில் நின்றது.

"வேலை நேரத்துல என்ன உட்கார்ந்திருக்கே? என் மானத்தை வாங்கணும்னே கிளம்பி வந்தியா?"

"முடியலண்ணா."

வலது கையைத் தூக்கிக் காட்டினாள். தோளுக்கு மேலே போகவில்லை. அந்த அளவுக்குத் தூக்கியதற்கே கண்ணில் நீர் முட்டியது.

"மேலேர்ந்து பெட்டி தோள் மேல விழுந்துருச்சு. ரொம்ப நாளாச்சு. அன்னிலேர்ந்து மேல் தட்டு, கனமான பெட்டி எல்லாத்தையும் நீ நேத்து அனுப்பின அக்காதான் எடுத்தாங்க. என் ஸ்கேனர்லயே அடிச்சு, என் வண்டியிலயே போட்டாங்க. மிச்ச நேரத்துலதான் அவங்க வேலையைப் பார்ப்பாங்க."

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பழையபடி குரலை உயர்த்தினார்.

"அடிபட்ட உடனே என்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன? நான் என்ன மூணாம் மனுஷனா? உன் கூடப்பிறந்தவன்!"

தங்கச்சி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லத்தான் ஓடி வந்தேண்ணா. நீ அப்போ, கால் பிசகின ஒரு பொண்ணை வீட்டுக்கு அனுப்பிக்கிட்டு இருந்தே. 'கை கால் விளங்காதவங்களுக்குச் சோறு போட இதென்ன தர்ம சத்திரமா'ன்னு கேட்டே. அப்படியே திரும்பிட்டேன்."