காலி வண்டி

அமரர் ஊர்தியின் கூரைக்குப் பின்னால் மாட்ட ஸ்பாய்லர் இறக்கை கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை. கார் அலங்காரப் பொருள் கடை வைத்திருக்கும் ஷாநவாஸ், அந்தக் குட்டி வேனின் பின்கதவு ரப்பரில் சிக்கியிருந்த சாமந்தி இதழ்களைப் பார்த்தபடி நின்றான்.

“போறப்ப ஒண்ணும் இல்ல தம்பி,” என்றார் ஓட்டுநர் வேலப்பன். “சொந்தக்காரங்க நாலஞ்சு பேரு கூடவே ஏறிக்குவாங்க. இறக்கிவிட்டுத் திரும்புறப்ப ஒருத்தரும் ஏற மாட்டாங்க. அப்பத்தான் வண்டி தரையில நிக்க மாட்டேங்குது. பின்பக்கம் தூக்குது.”

“அண்ணே, எம்பது தொண்ணூறுல போனாத்தான் காத்து இதை அழுத்தும். நீங்க முப்பதைத் தாண்டவே மாட்டீங்களே.”

“இருக்கட்டும். மாட்டுங்க.”

வேலப்பன் பளபளக்கும் சிவப்பையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே அகலமான கறுப்பு ஸ்பாய்லரை எடுத்துக்கொடுத்தார். ஷாநவாஸ் கூரையின் பின்விளிம்பில் துளையிட்டு, திருகுகளை முறுக்கி, பிடிப்பு சரிதானா என்று இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பார்த்தான்.

உள்ளே இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்த வேலப்பன், “ஆங்... இப்ப சரியா இருக்கு,” என்றார். அவர் குரலில் அப்படியொரு நிம்மதி.

திருகுகள் நன்றாக இறுகிவிட்டன, கையை எடுத்துவிடலாம். ஷாநவாஸ் எடுக்கவில்லை. வண்டி மெல்ல நகர்ந்தது. அழுத்தியபடியே அவனும் பின்னால் நடந்தான். தன் கடையைத் தாண்டினான், பக்கத்து டீக்கடையையும் தாண்டினான். எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒருவர் ஓரமாக நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, அவனைப் பார்த்துத் தலைகுனிந்தார்.