நாலாவது பாட்டில் அழுகிறவள்

"உலகத்துலயே சிறந்த ராக் பாட்டு எதுன்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். சால்ட் லேன்டர்ன் பேண்டோட முதல் ஆல்பம். நாலாவது பாட்டு. 'வின்டர் டோர்'."

கே.கே. நகர் வீட்டு மாடியறையில் செல்போன் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார் மெர்வின். பகலில் காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார். சாயங்காலமானால் யூடியூபில் ராக் பாட்டுக்குத் தீர்ப்பு சொல்கிற நீதிபதி.

லைவ் ஆல்பமா? அவரைப் பொறுத்தவரை சுட வைத்த நேற்றைய குழம்பு. பத்து நிமிஷம் டிரம்ஸ் மட்டும் அடிக்கிறவனா? பாட்டு எழுதத் தெரியாதவன். மறுத்துப் பேசினீர்களோ, தொலைந்தீர்கள்.

"அந்தப் பாட்டுல கிடார் ஓய்ஞ்சதும் ஒரு பொம்பளைக் குரல் வரும் பாருங்க. வார்த்தையே கிடையாது. விசும்பல் மட்டும்தான். முப்பது வருஷமா கேக்குறேன், இன்னைக்கும் புல்லரிக்குது. அந்த அழுகைக்காகவே அது நம்பர் ஒன்."

அதோடு விட்டாரா? வாய் சும்மா இருக்குமா?

"இதையெல்லாம் எம்புட்டு கஷ்டத்துல கேட்டோம் தெரியுமா? என் ஃப்ரெண்டு ஜலீல் வீட்டுலதான் டேப் ரெக்கார்டர். அவங்கம்மா மெஹருன்னிசாவுக்குப் பாட்டுன்னாலே ஆகாது. 'பாட்டு கேக்குறது பாவம்டா, நிறுத்துங்கடா'ன்னு வந்து பிளக்கைப் புடுங்கிருவாங்க. ரசனைக்கு மொத எதிரியே அந்தம்மாதான்."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. செத்துப்போன மனுஷியைப் பற்றி ஊரறிய இப்படிப் பேசலாமா என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கமென்ட்டில் அடி விழுந்தது.

'சார், அந்தப் பாட்டுல பொம்பளைக் குரலே இல்லையே.'

'அந்த பேண்டுல எல்லாருமே ஆம்பளைங்க சார்.'

'சாருக்கு மட்டும் கேக்குது போல. வேப்பிலை அடிங்கப்பா.'

மெர்வினுக்குச் சுருக்கென்றது. கேசட்டில் கேட்டால்தான் பாட்டு என்று பிடிவாதம் பிடிக்கிற ஆள், முதல் தடவையாக அந்தப் பாட்டை இன்டர்நெட்டில் தேடிப் போட்டார். கிடார் ஓய்ந்தது. கீபோர்டு மட்டும் லேசாக இழுத்தது. அழுகை இல்லை.

அதே பாட்டின் வேறொரு பதிவை ஓட விட்டார். அதிலும் இல்லை.

பீரோவைத் திறந்து பழைய கேசட்டை எடுத்தார். ஜலீல் பதிந்து கொடுத்தது. ஓட விட்டார். கிடார் ஓய்ந்தது.

அவள் அழுதாள்.

அப்படியானால் இவள் யார்? ஹெட்போனை மாட்டிச் சத்தத்தைக் கூட்டினார். இத்தனை வருஷம் கவனிக்காத ஒன்று காதில் விழுந்தது. விசும்பலுக்கு நடுவில் ஒரு வார்த்தை. பின்னால் சுற்றி மறுபடியும் கேட்டார்.

"மெர்வின்..."

டக்கென்று டேப்பை நிறுத்தினார்.

சர்ச் கொயர் பிராக்டிஸ் முடிந்து அப்போதுதான் வந்தார் மனைவி ஜெனி. மெர்வின் ஹெட்போனை நீட்டினார். வாங்கிக் கேட்ட ஜெனி, முகம் வெளுத்துக் கழற்றிப் போட்டார்.

"என்னங்க இது, உங்க பேரைச் சொல்லி அழுகுது? வெள்ளைக்காரன் பாட்டுல உங்க பேரு எப்படி வரும்?"

"உனக்கும் கேக்குதா?"

"இதை வீட்டுல வைக்காதீங்க. எனக்கு ஈரக்குலை நடுங்குது."

அன்றைக்கு லைட்டை அணைக்காமலே படுத்தார்கள். தூக்கம் வந்தால்தானே?

காலையில் கேசட்டையும் டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு ஆரப்பாளையம் போனார் மெர்வின். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜலீலுக்கு ஸ்கூல் பேக் விற்கிற கடை.

"வா மாப்ள. யூடியூப்ல எங்கம்மாவை நல்லாக் கிழிச்சிருக்க போல."

"அதை விடுடா. மொதல்ல இதைக் கேளு. இதுல ஏதோ பேய் இருக்கு."

ஜலீல் முறைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். பஸ் இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. பாட்டு ஓடியது. கிடார் ஓய்ந்தது. அழுகை வந்தது.

ஜலீல் டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடு."

"யாருடா அது? தெரியுமா உனக்கு?"

"நாம எப்படி ரெக்கார்டு பண்ணுவோம்? இன்னொரு டேப்பை இரவல் வாங்கி எதிரெதிரே வச்சு, ஒண்ணுல பாட்டை ஓட விட்டு, இன்னொண்ணுல பிடிப்போம். வீட்டுல யாரு இருமுனாலும் சேர்ந்து விழுந்துரும். மறந்துட்டியா?"

"சரி, அதுக்கு?"

"நீ அப்ப மஞ்சக்காமாலை முத்திப்போயி பெரியாஸ்பத்திரியில கெடந்த. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. நீ கேக்கணும்னு அலைஞ்ச இந்தப் பாட்டு அப்பத்தான் கைக்குக் கெடச்சுச்சு. கண்ணு முழிச்சதும் குடுக்கலாம்னு உக்காந்து பதிஞ்சேன். பக்கத்து ரூம்ல அம்மா தொழுதுட்டு அல்லாகிட்ட துஆ கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த அழுகைடா இது. இதுல விழுந்திருக்கும்னு எனக்கே தெரியாது."

மெர்வின் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"எனக்காகவா அழுதாங்க?"

ஜலீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா குரல் எங்ககிட்ட வேற எதுலயும் இல்ல மாப்ள."

மெர்வின் மறுபடியும் ஓட விட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்தார். "என் பேருக்கு அப்புறம் என்னமோ சொல்றாங்கடா. வெளங்கல."

அதற்கு ஜலீலுக்குக் கேசட் தேவைப்படவில்லை. அன்றைக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவர் அல்லவா?

"'யா அல்லா, மெர்வின் புள்ளைய எங்களுக்குத் திருப்பிக் குடுத்துரு. அவன் பாட்டு கேட்ட பாவத்தையெல்லாம் என் பேர்ல எழுதிக்க.'"