வெள்ளிக்கிழமைக்குள்

கலாநிதி சோமசேகரம் குப்பியை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கற்பூரத் தட்டைக் கண்டவர்கள்போல நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டினோம்.

கட்டைவிரல் அளவுக் குப்பி. உள்ளே மயில் கழுத்து நீலத்தில் ஏதோ ஒன்று.

எண்பத்தாறில், லண்டனிலிருந்து மூன்று கிழமை லீவில் கொக்குவிலுக்கு வந்திருந்தார். படித்தது இரசாயனம். என்றாலும் அயலெல்லாம் அவரிடம் பிரஷரையும் சலரோகத்தையும் சொல்லி மருந்து கேட்டது. அவரும் மறுக்கவில்லை.

"மூண்டு அமினோ அமிலம் சேர்ந்து ஒரு செப்பு அணுவைக் கவ்விப் பிடிச்சிருக்கு. இது எங்கடை இரத்தத்திலையே இருக்கிற சாமான். இருபது வயசிலை நிறைய, அறுபதிலை பாதியும் இல்லை. திருப்பிக் குடுத்தால் தோல் தன்னைத் தானே புதுசா நெய்யும்."

இளைப்பாறிய தபாலதிபர் மார்க்கண்டர் செருமினார். "உதைத்தானே தம்பி நாங்கள் செம்பிலை தண்ணி வைச்சுக் குடிக்கிறது."

கலாநிதிக்கு அது காதில் விழவில்லை. ஆறு மாதமாகத் தானே பூசிவருவதாகச் சொன்னார். எல்லோரும் அவருடைய நெற்றியைப் பார்த்தோம். திருநீறு பூசாமலே அங்கே சுருக்கத்தில் மூன்று குறி தெளிவாக இருந்தது.

"பழைய தழும்பும் மாறுமோ?"

பின்னாலிருந்து கேட்டவர் பத்மாசினி ரீச்சர். நாற்பத்தைந்து வயது. கலியாணம் செய்யவில்லை. தாய் தகப்பன் போனபிறகு தம்பி இராசநாயகத்தை வளர்த்துப் படிப்பித்தவர். அவன் கனடா விசாவுக்கு வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ் ஏறப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும்.

"மாறும், மாறும். ஆறு கிழமை விடாமல் பூசவேணும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ளை ஏலாதோ?"

என்னுடைய வாய் சும்மா கிடக்காது. "ஏன் ரீச்சர், வெள்ளிக்கிழமை ஆரேன் பொம்பிளை பாக்க வருகினமோ?"

மார்க்கண்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ரீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நம்புகிற முகம் ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் கலாநிதி குப்பியோடு கொடுத்துவிட்டார்.

ஐந்து மணிக்குச் சைக்கிளில் திரும்பும்போது ரீச்சர் வீட்டுப் படலை திறந்து கிடந்தது. மன்னிப்புக் கேட்கவோ, மிச்சப் பகிடியை விடவோ, எதற்கென்று தெரியாமல் உள்ளே போனேன்.

கிணற்றுக்கட்டில் இராசநாயகம் இருந்தான். சாரம் முழங்காலுக்கு மேலே சுருட்டியிருந்தது. ரீச்சர் கீழே குந்தியிருந்து, கோழியிறகால் நீலத்தைத் தொட்டு அவனுடைய முழங்காலில் பூசிக்கொண்டிருந்தார்.

விசா அலுவல் சரிவரவேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்ந்தவர் அவர்தான். திருவிழாவில் தம்பி பிரதட்டை எடுத்தான். ஈரவேட்டியோடு வெளிவீதி முழுக்க உருண்டான். அந்த முறைதான் வீதிக்குப் புதுக் கிரவல் போட்டிருந்தார்கள். முழங்கால் இரண்டு, முழங்கை இரண்டு, காய்ந்து கறுத்த தழும்புகள். பிள்ளையாரைக் குறை சொல்ல இயலாது. மாதம் முடியமுதல் தூதரகக் கடிதம் வந்துவிட்டது.

ஆனையிறவில் கொழும்பு பஸ்ஸை மறிக்கிற ஆமிக்காரன் இளந்தாரிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை. காற்சட்டையை மடிக்கச் சொல்லுவான். பிறகு சட்டைக் கையை. அந்த நாலு இடத்திலும் தழும்பு வர ஒரே வழிதான் அவனுக்குத் தெரியும்: இயக்கத்தில் சேர்ந்து துவக்கோடு தரையில் ஊர்ந்து பழகுவது.

ரீச்சர் என்னைக் கண்டார்.

"படலையைச் சாத்திப்போட்டு வாங்கோ அண்ணை."

சாத்தினேன். குப்பியைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். மிஞ்சிய ஒரு துளியை இடது முழங்கைக்கு வைத்தார்.

அன்று புதன்கிழமை.